சுவரைத் தொட்ட சொட்டு

வண்டியூர், மதுரை
9-2-2025

மைத்ரேயிக்கு,

2019 மே 16, வியாழக்கிழமை, பிரதோஷம். பிற்பகல் மூன்று மணி முதல் மூன்றே கால் வரை நம் வீட்டில் இருந்தவர்கள்:

பூஜை அறையில் உன் அப்பா. கூடத்தில், ஃபேனுக்கு அடியில் உன் அண்ணா; தூங்கிக்கொண்டிருந்தார். கொல்லையில், குழாயடியில், பாத்திரம் தேய்க்க வந்த ராக்கம்மாள். கொல்லையிலேயே துவைக்கிற கல்லின் மேல் நான். வேறு யாரும் இல்லை. வாசல் கதவு தாழ் போட்டிருந்தது.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் கேட்ட விதத்துக்கு இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

அன்றைக்குத் தாராபாத்திரத்தில் தண்ணீர், குடத்துக்குள் கீறியிருக்கிற இரண்டு கோடுகளில் மேல்கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. ஜன்னல் வழியாக அப்பா சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். நோட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே இருக்கிறது, பார். ‘கவனிக்காமல் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருக்கலாம், அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன், மன்னி’ என்று சுலபமாக எழுதிவிட்டாய். கத்திரி வெயிலில் ஈசுவரன் தலைக்கு மேல் செப்புக் குடத்தைத் தொங்கவிட்டு, துளையில் தர்ப்பையைச் செருகி, இருபத்தைந்து நாளும் சொட்டு அறாமல் பார்த்துக்கொள்வது இந்த வீட்டில் எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று உனக்குத் தெரியும். தண்ணீர் குறைந்தது என்று சொல்வது, சொட்டு நின்றது என்று சொல்வதற்கு அடுத்த வீடு.

2013 கோடையில் நான் எண்ண ஆரம்பித்தேன். சொட்டு நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் ஆரம்பம். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் பஞ்சாட்சரத்தில் எத்தனை அட்சரம் மனசுக்குள் முழுதாகச் சொல்கிறேன் என்று எழுதினேன். மூன்று, ஐந்து, நாலு, ஏழு, இரண்டு. அதே குடம், அதே தண்ணீர், அதே துளை. ஆனால் அடுத்தது என்ன வரும் என்று ஒரு நாள்கூட என்னால் சொல்ல முடியவில்லை. சும்மா தாறுமாறு என்று விட்டுவிடவும் மனசு வரவில்லை. நீ காலேஜ் முடித்து அலமாரியில் போட்டுவிட்டுப் போன பி.எஸ்சி. புத்தகங்களை அடுப்படியில் வைத்துப் படித்தது அதற்காகத்தான். ஒரு நாளைக்கு நூற்றெட்டு இடைவெளி. பன்னிரண்டு கோடை. எழுதிய எதையும் நான் அடித்துத் திருத்தியதில்லை.

இதையெல்லாம் அப்பாவின் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் உன்னிடம் சொல்ல வந்தேன். பந்தியில் அத்தனை பேர் முன்னால் நீ சிரித்தாய். “மன்னி, எண்ணறது வேற, கணக்கு வேற.” பரிமாறினவன்கூடக் கேட்டான். இரண்டு வருஷமாக அதனால்தான் உன் போனை நான் எடுப்பதில்லை. இப்போது என்னடா என்றால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணாவை விட்டு நோட்டுகளைப் போட்டோ எடுத்து வாங்கியிருக்கிறாய். எண்ணிக்கை திடீரென்று கணக்காகிவிட்டதா?

உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்தப் பக்கத்தை எடுப்பதாக இருந்தால் மற்ற பக்கங்களையும் எடுத்துவிடு. ஒரு நாள் பொய் எழுதினவள் என்று ஆன பிறகு மீதி நாள் எதற்கு?

பதிலைக் கடிதமாகவே எழுது. போனில் குரல் உயரும். காகிதத்தில் உயர்ந்தால் மறுபடி எழுதலாம்.

ஸ்யாமளா


பெங்களூரு
17-2-2025

மன்னிக்கு நமஸ்காரம்.

நான் கடைசியாகத் தமிழில் கையால் எழுதியது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில். எழுத்துப் பிழை இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

பந்தியில் சொன்னது தப்பு. அப்பா போய்ப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது, யாரையாவது கடிக்க வேண்டும்போல் இருந்தது, நீங்கள் எதிரில் இருந்தீர்கள். இது சமாதானம் இல்லை, நடந்தது. நோட்டுகளை உங்களிடம் கேட்காமல் அண்ணாவிடம் கேட்டது அதைவிடத் தப்பு. பயந்துதான் கேட்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் கொன்றுவிடுவீர்கள். உங்கள் ஜபத்தின் வேகம் எனக்கு வேண்டியிருந்தது. காலையில் நீங்கள் ஜபிக்கும்போது அண்ணா உங்கள் உதட்டைப் பார்த்து நாலு நாள் ஸ்டாப்வாட்ச் பிடித்தான். நாலு நாளும் நூறு அட்சரத்துக்கு நாற்பது விநாடி. அரை விநாடி முன்பின் இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிற சில கருவிகளுக்கே அவ்வளவு நிதானம் கிடையாது.

ஏன் அந்தப் பக்கம் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்கிறேன்.

உங்கள் சொட்டு மாதிரியான ஒன்றை நாங்கள் ஒழுங்கின்மை என்போம். விதி உண்டு, ஆனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நீங்களே சிவப்பு மையில் குறித்திருக்கிறீர்கள்: 2014-ல் இரண்டு நாள்கள், முதல் பத்துச் சொட்டும் ஒரே மாதிரி, பதினொன்றாவதில் பிரிந்து அப்புறம் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆரம்பத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் போதும். அதனால் சொட்டு சொட்டாகப் பின்னால் ஓடிப் பிரயோஜனமில்லை.

நான் ஓடவில்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே போவார் என்று மீனாட்சிக்கே தெரியாது. ஆனால் வீதியின் அகலம் தெரிந்தால், ஒருத்தரும் போக முடியாத இடம் எது என்று ஒரு ஆளைக்கூடப் பின்தொடராமல் சொல்லிவிடலாம். அந்த மாதிரி, சொட்டுக்கு நான் ஒரு சுவர் தேடினேன். எந்த நிலையில் ஆரம்பித்தாலும், எப்படிப் புரண்டாலும், இடைவெளி இதைத் தாண்டாது என்று நிரூபிக்கக்கூடிய சுவர். தூரத்தில் ஒரு சுவரைக் கட்டுவது யாருக்கும் முடியும். இருக்கிற கோடிக்கணக்கான சுவர்களில் மிக நெருக்கமானது எது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. பாடப் புத்தகத்தில் உகப்பாக்கம் என்று போட்டிருக்கும். மூன்று வருஷம் கம்ப்யூட்டரோடு அதைத்தான் செய்தேன்.

கிடைத்தது மூன்று விநாடி.

தண்ணீர் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறவரை, எந்தச் சொட்டும் அடுத்த சொட்டை மூன்று விநாடிக்கு மேல் காக்க வைக்காது. உங்கள் வேகத்தில் ஏழரை அட்சரம். சமன்பாட்டைப் பொறுத்தவரை இது நிரூபணம். ஆனால் சமன்பாடு சொன்னால் செப்புக் குடம் கேட்க வேண்டுமா என்ன? கேட்கிறதா என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி உங்கள் நோட்டு. எழுதியிருக்கிற இருநூற்றெண்பது நாளையும் ஏற்றிப் பார்த்தேன். இருநூற்று எழுபத்தொன்பது நாள்களில் எட்டு என்று ஒரு எண்கூடக் கிடையாது, மன்னி. ஏழு வரை வருகிறது, நிற்கிறது.

மீதி ஒரு பக்கம், மே 16. அதில் எட்டு என்ற எண் ஆறு இடத்தில், ஒன்பது என்ற எண் மூன்று இடத்தில். ஒன்பது என்றால் மூன்றரை விநாடிக்கும் மேலே. அது உண்மையென்றால் சுவர் இல்லை. என் மூன்று வருஷமும் இல்லை. மார்ச் 31-க்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். பக்கத்தை எடுப்பது சுலபமான வழி என்று நினைத்தேன். நீங்கள் சொன்ன பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. உங்கள் எண்ணையும் நம்புகிறேன், என் நிரூபணத்தையும் நம்புகிறேன். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழி தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் பட்டியலைப் பத்துத் தடவை படித்தேன். நூற்றெட்டுச் சொட்டும் பூஜை அறையில் விழுந்தன. நீங்கள் கொல்லையில் இருந்தீர்கள். எப்படி எண்ணினீர்கள்?

மைத்ரேயி


வண்டியூர்
24-2-2025

மைத்ரேயி,

என் உதட்டைப் பார்த்துக் கடிகாரம் பிடித்தாராமா? நாலு நாளாக மனுஷர் காலையில் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, ஐம்பத்தெட்டு வயசில் என்ன வந்தது என்று நினைத்தேன். கேட்டதற்குச் சிரிக்கிறார். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

உன் கேள்வியை நாலு நாளாகப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரிகிறேன். நாளை மறுநாள் சிவராத்திரி. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

நீ இந்த வீட்டில் பிறந்தவள். கத்திரியில் நான் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன் என்றால் ஏன் என்று நீ கேட்கலாமா? நோட்டில் 2018 வரை வருஷத்துக்கு மூன்று பக்கம் வெற்றாக இருக்குமே, அவற்றை என்னவென்று நினைத்தாய்? ஊருக்குப் போயிருப்பேன் என்றா? கத்திரியில் இந்தக் குடத்தை விட்டுவிட்டு நான் எந்த ஊருக்கும் போனதில்லை. அந்த மூன்று நாளுக்காகப் பதினாறு வயசில் அப்பாவோடு சண்டை போட்டு, இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தவள் நீ. எனக்கு அந்தச் சண்டை கிடையாது. ஒதுங்கி உட்காருவது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. நோட்டு வெறுமனே கிடப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

2019-ல் பதினாலாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் வெற்றாகவே போயின. பதினாறாம் தேதி பிரதோஷம். மத்தியானம் கொல்லையில் கல்லின் மேல் உட்கார்ந்து, வெற்றுப் பக்கத்தில் தேதி மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். பூஜை அறை ஜன்னல் கதவு திறந்தது. உன் அப்பா. என்னைப் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். உனக்குத் தெரியும், அவர் என்னிடம் பேசினால் மரத்திடம் பேசுகிற மாதிரித்தான் இருக்கும்.

“நோட்டு இருக்கா?”

“இருக்குப்பா.”

“கணக்கு ஏன் அறணும்? நான் வாய்விட்டு ஜபம் சொல்றேன். சொட்டு விழறப்போ மணியை ஒரு தட்டு தட்டறேன். நீ எண்ணி எழுதிக்கோ.”

ஆறு வருஷமாக நான் என்ன எழுதுகிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பார்த்ததாகவும் காட்டிக்கொண்டதில்லை. நூற்றெட்டு என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

“தண்ணி மேல்கோட்டுக்கு ஒரு விரல் கீழே. அதையும் போடு. நீ போடுவியே.”

அப்புறம் உள்ளே அவர் குரல் கேட்டது. ந, ம, சி, வா, ய. நடுவில் மணி. மறுபடி குரல். குழாயடியில் ராக்கம்மாள் தேய்க்கிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னம்மா இது? அய்யா உள்ள மணி அடிக்கிறாரு, நீங்க வெளிய எழுதுறீக. பள்ளிக்கூடத்துல கூட இம்புட்டு ஒழுங்கு கிடையாதே!”

பேசாதே என்று கையைக் காட்டினேன். அவள் நூற்றெட்டு முடிகிறவரை குழாயைக்கூடத் திறக்கவில்லை. குழாய்ச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடும் என்று அவளாகவே மூடி வைத்தாள். இந்த உதவியை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

முடிந்ததும் அப்பா ஜன்னலைச் சாத்தினார். “வந்துடுத்தா?” என்றார். “வந்துடுத்துப்பா” என்றேன். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தின் வலது மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். போட்டோவில் தூசி என்று நினைத்திருப்பாய். நான் உள்ளே இல்லாத நாள் என்று எனக்குத் தெரிவதற்காக வைத்தது. அதைக் கணக்கில் வாக்கியமாக எழுதக் கூச்சமாக இருந்தது. அடுத்த வருஷம் முதல் எனக்கு அந்த ஒதுங்கலே நின்றுவிட்டது. ஒரே ஒரு புள்ளி பக்கம்தான், மைத்ரேயி. அந்த ஒன்றில் வந்து நீ முட்டிக்கொண்டிருக்கிறாய்.

எண் பொய்யில்லை. அப்பா பொய்யாக மணி தட்டவில்லை, நான் பொய்யாக எழுதவில்லை. உன் சுவர் நிற்குமா விழுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் நிற்க வேண்டும்.

ஸ்யாமளா


பெங்களூரு
3-3-2025

மன்னி,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

அப்பாவுக்கு உங்களை வெளியே உட்கார வைக்கத்தான் தெரியும் என்று இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தார் என்று எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? சரி, நானும்தான் கேட்கவில்லை.

இப்போது நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

நீங்கள் எழுதியது ஒன்பது அட்சரம். உங்களுடைய ஒன்பது இல்லை, அப்பாவுடையது. நான் எல்லாப் பக்கத்தையும் உங்கள் வேகத்தில் விநாடியாக மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் வேறொருத்தர் நாக்கில் அளந்தது. அப்பா உங்களைவிட வேகமாக ஜபிக்கிறவர் என்றால் அவருடைய ஒன்பது குறைந்த நேரம்தான். கணக்குப் போட்டேன். சுவர் நிற்க வேண்டுமானால் அவருடைய ஒரு அட்சரம் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் சுவர் விழுந்தது. நடுவில் தப்பிக்க வழி இல்லை.

கொரோனா சமயத்தில் அண்ணா அப்பாவின் ஜபத்தை போனில் பதிவு பண்ணி எனக்கு அனுப்பினானே, நினைவிருக்கிறதா? நூற்றெட்டு முறை, முழுசாக. அது இன்னமும் என் போனில் இருக்கிறது. அப்பா இருந்தபோது பாதி கேட்டேன். போன பிறகு ஒரு தடவை விரலை அதன் மேல் வைத்தேன், அழுத்தவில்லை. இப்போதும் முடியவில்லை. முடிந்தாலும் நான் அளக்கக் கூடாது. எனக்கு எந்த விடை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தவள் ஸ்டாப்வாட்சைத் தொடக் கூடாது. அண்ணா போனிலும் அது இருக்கும், நீங்கள் அளந்து சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். இதை நான் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

சுவரை நெருக்கிக்கொண்டே போனேன் என்றேனே, ஒரு கட்டத்தில் அதற்கு மேல் நெருக்க முடியாது. ஏனென்றால் உள்ளே இருந்து ஏதோ ஒன்று சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறது. அது என்ன என்று பார்த்தேன். ஒரு தாளம், மன்னி. மூன்று இடைவெளிகள், அதே வரிசையில், மறுபடி மறுபடி. அத்தனை தாறுமாறுக்கும் நடுவில் துல்லியமாகத் திரும்பத் திரும்ப வருகிற ஒரு தாளம், அதன் மூன்றாவது அடி மட்டும் சுவரைத் தொடுகிறது. ஆனால் அதில் நிலைத்து நிற்கச் சொட்டால் முடியாது. ஊசி முனையில் ஊசியை நிறுத்துகிற மாதிரி. எப்போதாவது தற்செயலாக அதன் பக்கத்தில் வந்தால், இரண்டு சுற்று மூன்று சுற்று கூடவே போய், அப்புறம் நழுவிவிடும். மற்ற நாள்களில் அதைத் தேடினேன். அங்கங்கே ஒரு சுற்று வருகிறது, உடனே கலைந்துவிடுகிறது. இரண்டு சுற்று சேர்ந்து எங்கேயும் இல்லை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் தேடவில்லை. அது கெட்டுப்போன பக்கம் என்று ஓரமாக வைத்துவிட்டேன், போட்டோவையும் ஏற்றிய எண்களையும் அழித்துவிட்டேன்.

இதனுடன் ஒட்டிய சின்ன உறை ஒன்று வைத்திருக்கிறேன். அந்தத் தாளத்தின் மூன்று எண்களும் விநாடிக் கணக்கில் உள்ளே இருக்கின்றன. முதலில் அப்பாவின் வேகத்தை அளந்து எழுதுங்கள். பிறகு அந்த ஒன்பதுகளுக்கு முன்னால் என்ன வந்தது என்று நோட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு உறையைத் திறங்கள். இந்த வரிசையில். உங்களை நம்பாமல் இல்லை, உங்களிடம் கற்றுக்கொண்ட ஒழுங்கு.

மைத்ரேயி


வண்டியூர்
15-3-2025

மைத்ரேயிக்கு ஆசீர்வாதம்.

நேற்றுக் காரடையான் நோன்பு. சரட்டைக் கட்டிக்கொண்ட பிறகு மத்தியானம் செய்தேன். நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருந்தவர்கள் மூன்று பேர்: உன் அண்ணா, நான், ராக்கம்மாள். எனக்கும் எந்த விடை வேண்டும் என்று தெரியும், அதனால் நானும் கடிகாரத்தைத் தொடவில்லை. அண்ணாவிடம் எதற்கு என்று சொல்லாமல், “அப்பா ஜபத்தைப் போட்டு, முதல் அட்சரத்திலிருந்து கடைசி அட்சரம் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கோ” என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேங்கில் கையெழுத்துச் சரிபார்க்கிற முகத்தோடு உட்கார்ந்தார்.

போனில் அப்பா குரல் வந்தது. அடுப்படியில் தட்டு விழுந்த சத்தம். ராக்கம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“ஆத்தி! அய்யா குரல்ல இது!”

“பேசாதே” என்றார் அண்ணா, கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவர் மூக்கு சிவந்திருந்தது. ராக்கம்மாள் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் செய்ததை அவள் மறக்கவில்லை. இந்தத் தடவை அதை எழுதிவைத்தேன்.

நூற்று எழுபது விநாடி. மறுபடி போடச் சொன்னேன், நூற்று எழுபது. ஆரம்பத்தில் ஒரு வேகம், முடிவில் ஒரு வேகம் இருக்கலாமே என்று பாதியில் நிறுத்தியும் பார்த்தோம். ஐம்பத்து நாலு முறைக்கு எண்பத்தைந்து. பாதிக்குச் சரியாகப் பாதி. அவர் ஜபத்தை வைத்து மணிக்கூண்டைத் திருத்தலாம் போலிருக்கிறது.

ஐந்நூற்று நாற்பது அட்சரம், நூற்று எழுபது விநாடி. ஒரு அட்சரம் 0.315. மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளே இருக்கிறது, மைத்ரேயி.

உடனே சந்தோஷப்படாமல் இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். ஒன்பது அட்சரம் 2.83 விநாடி. பத்து முழுதாக ஆகியிருந்தால் 3.15, உன் சுவர் இடிந்திருக்கும். ஆகவில்லை. ஒன்பது முடிந்து பத்து முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. இந்த எண்ணை வைத்துச் சுவர் இடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு மேல் நானும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

பிறகு நோட்டை எடுத்தேன். முதல் ஒன்பதுக்கு முன்னால் ஏழு. அதற்கு முன்னால் நாலு. ஒன்பதுக்குப் பிறகு மறுபடி நாலு, ஏழு, ஒன்பது. மறுபடி நாலு, ஏழு, ஒன்பது. அப்புறம் ஆறு, மூன்று, எட்டு என்று கலைந்துவிட்டது. என் கையெழுத்துத்தான். ஆறு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

உறையைச் சுவாமி முன்னால் வைத்துவிட்டுத் திறந்தேன். 1.4, 2.3, 3.0 என்று எழுதியிருந்தாய். 0.315-ஆல் வகுத்தேன். நாலும் கொஞ்சமும். ஏழும் கொஞ்சமும். ஒன்பதரை. முழுதாகச் சொன்ன அட்சரத்தை மட்டும் எழுதுவது நம் வழக்கம். நாலு, ஏழு, ஒன்பது.

பேனாவை வைத்துவிட்டேன். அண்ணா, “என்னாச்சு, என்னாச்சு?” என்றார். காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் நாலு தடவை வகுத்தார். “இதை அவ அங்கே உட்கார்ந்துண்டு எப்படிடி சொன்னா?” என்றார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? நீ அந்தக் குடத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. ஒரு சொட்டைக்கூடப் பின்தொடராமல், அது போக முடியாத இடத்தை மட்டும் தேடித் தேடி நெருக்கி, அந்த விளிம்பில் ஒரு தாளம் இருக்கிறது என்று எழுதினாய். இங்கே அந்தத் தாளம் ஒரு பிரதோஷத்தன்று வந்து, மூன்று பிரதட்சிணம் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

பன்னிரண்டு வருஷமாக நான் சொட்டு நின்றுவிடக் கூடாதே என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது நிற்க முடியாது என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. பயப்பட வேண்டாம் என்று யாரோ உள்ளிருந்து சொன்னதுபோல் இருந்தது. இதை ஈசுவரன் என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். சமன்பாடு என்று நீ சொன்னால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. பெயர் எதுவானாலும் அதன் முன்னால் நான் இன்றைக்கு நமஸ்காரம் பண்ணினேன்.

முப்பதாயிரம் சொட்டில், சுவருக்கு மிக அருகில் போனவை என்று காட்ட முடிவது அந்த மூன்றுதான். நான் உள்ளே இருந்திருந்தால் ஏழு என்று எழுதியிருப்பேன், மற்ற ஏழுகளோடு ஏழாகப் போயிருக்கும். அப்பா நாக்கில் அளந்ததால்தான் தனியாகத் தெரிந்தது. கட்டுரையில் அந்தப் பக்கம் இருக்கட்டும். புள்ளியும் இருக்கட்டும். புள்ளி ஏன் என்று இப்போது வாக்கியமாகவே எழுதலாம், எனக்குக் கூச்சமில்லை. அப்பா பெயரையும் சேர்த்து, அளந்தவர் பசுபதி, எழுதியவர் ஸ்யாமளா என்று போடு. குழாயை மூடியவர் ராக்கம்மாள் என்றும் போட இடமிருந்தால் போடு.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு நாள்தான். வேறொருத்தர் நாக்கில் இன்னொரு தடவை அளந்து பார்த்தால்தான் கணக்கு முழுசாகும். மே 4 அன்று குடத்தைக் கட்டுகிறோம். நீ வா. வந்து உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு ஜபம் சொல்லு, சொட்டு விழும்போது மணியைத் தட்டு. நான் கொல்லையில் அதே கல்லின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலைத் திறந்து வை. உன் வேகம் எனக்குத் தெரியாது, முதல் நாள் அண்ணாவை விட்டு அளந்துகொள்ளலாம். உன் உதட்டையும் அவர் பார்க்கட்டும்.

நீ உள்ளே வருகிற நாள் உனக்கு எந்த நாள் என்று நான் கேட்க மாட்டேன்.

வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுது.

ஸ்யாமளா